ஆறு மூச்சுப் பிடித்த நாள்

கொபிலோ ஆணாக இருந்தது மொத்தம் பதினொரு மாதம். அதற்கு முன்னால் நாற்பத்தாறு வருஷம் பெண்ணாக இருந்தாள். அந்த நாற்பத்தாறு வருஷத்தில் ஊர் அவளைப் பற்றிப் பேசியதை ஒரு சுரைக்குடுக்கையில் அடைத்துவிடலாம். பதினொரு மாதத்தில் பேசியதை அடைக்க மரக்வெட் நாட்டுக் குடுக்கை எல்லாம் சேர்ந்தாலும் போதாது. கதைக்கு வசதியாக அவளை அவள் என்றே சொல்லிக்கொண்டு போவோம்.

ஆசைப்பட்டு அவள் ஆணாகவில்லை. தண்ணீருக்காக ஆனாள்.

கெரியோ பள்ளத்தாக்கின் மேற்குச் சரிவில் மழையை நம்பி விதைக்கிறவன் பைத்தியக்காரன். மழையெல்லாம் மேலே காட்டில் பெய்துவிட்டுப் போய்விடும், கீழே வெயில்தான். மலை இடுக்கில் ஆற்றுக்குக் குறுக்கே கல்லும் கிளையும் புல்லும் மண்ணும் போட்டு ஒரு கொரம்பு கட்டி, அங்கிருந்து செங்குத்துப் பாறையின் இடுப்பைச் சுற்றி வாய்க்காலை இறக்கியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பாயும். முறை ஆண் பேரில்தான் இருக்கும். மடையை ஆண்தான் திறப்பான், ஆண்தான் அடைப்பான். பெண் களை எடுக்கலாம், கதிர் அறுக்கலாம், கீழே ஆற்றுத்துறையில் இறங்கிக் குடிதண்ணீர் சுமக்கலாம். வாய்க்காலில் கை வைக்கக் கூடாது. கொரம்புப் பக்கம் அவள் தலையே தெரியக் கூடாது. தெரிந்தால், அங்கே வேலை செய்கிற அத்தனை பேரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அந்த நொடியே கரையேறிவிட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. நாலு நாள் அந்தப் பக்கம் போகக் கூடாது. தீட்டுப் பட்ட கொரம்பு ஆளைத் தின்னும் என்பார்கள்.

தீட்டுப் படாமலும் அது தின்றிருக்கிறது. கொபிலோவின் புருஷன் கிசாங் வாய்க்காலுக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தபோது பாறையிலிருந்து விழுந்து செத்தான். எவளோ ஒருத்தி எட்டிப் பார்த்திருப்பாள் என்று ஊர் முடிவு கட்டியது. எவள் என்று கேட்க நாதியில்லை.

கிசாங்குக்கு மூன்றும் பெண். மூவரையும் மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. ஆகவே அவன் முறையை அவன் தம்பி யாடோர் ஏற்றுக்கொண்டான்.

"மதினி, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. உங்க முறைய என் முறை மாதிரி பாத்துக்கறேன்" என்றான்.

சொன்ன சொல் தவறவில்லை. அவள் முறையைத் தன் முறை மாதிரியேதான் பார்த்துக்கொண்டான். முதல் வருஷம் அவள் வயலுக்குப் பாதித் தண்ணீர் வந்தது. இரண்டாம் வருஷம் மடை நனைந்தது. மூன்றாம் வருஷம் சோளம் முழங்கால் உயரத்தில் நின்றபடியே கருகியது.

"தண்ணி வரலையே யாடோரு" என்று போய் நின்றாள்.

"வந்துச்சே மதினி! நீங்க அப்ப அடுப்படியில இருந்திருப்பீங்க."

மரத்தடியில் கூடுகிற வாய்க்கால் கூட்டத்தில் போய்ச் சொல்லலாம் என்றால், அங்கே பெண் பேச முடியாது. அவளுக்காகப் பேச வேண்டியவன் யாடோர். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். அந்த வருஷம் அவள் மகள்கள் வீட்டிலிருந்து வந்த கேழ்வரகில் களி கிண்டித் தின்றாள்.

ஆண்பிள்ளை இல்லாத விதவைக்கு அந்த ஊரில் ஒரு வழி உண்டு. அவள் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம். கட்டிக்கொண்டால் அவள்தான் புருஷன். வந்தவள் பெறுகிற பிள்ளை செத்துப்போனவன் வீட்டுப் பிள்ளை. அதற்குத் தகப்பன் கொபிலோ. பிள்ளை எப்படி வந்தது என்று கேட்பது மட்டும் அங்கே மரியாதை இல்லை. கொபிலோ ஒரு பசுவும் ஆறு ஆடும் கொடுத்து, பள்ளத்தூரிலிருந்து கிமோய் என்ற இருபத்திரண்டு வயதுக்காரியை அழைத்து வந்தாள். கிமோய்க்கு வாய் நீளம். அதனால்தான் அவளை வேறு யாரும் கேட்டு வரவில்லை போலிருக்கிறது.

பெரியவர்கள் கொபிலோவுக்குத் தேனில் புளிக்க வைத்த கள்ளைக் கொடுத்து, தோளில் ஆண்கள் போடுகிற போர்வையைப் போட்டு, கையில் கோலைத் தந்தார்கள். "இன்னையிலேர்ந்து நீ தண்ணி சுமக்கக் கூடாது, மாவு அரைக்கக் கூடாது. நீ இந்த வீட்டு ஆம்பள" என்றார்கள். வாய்க்காலுக்குத் தலைவர் கைனோ கிழவர். அவர் மட்டும் கோலைத் தரும்போது ஒரு கணம் பிடியை விடாமல் வைத்திருந்தார்.

"நாங்க ஒத்துக்கிட்டோம். வாய்க்கால் ஒத்துக்குமான்னு அதுகிட்டத்தான் கேக்கணும்."

கொபிலோ பிடியை இழுத்தாள். கோலை வாங்கிக்கொண்டாள்.

முதல் முறை வந்த காலையில் அவளே மடையைத் திறந்தாள். கணுக்கால் நனைய நின்று, தண்ணீர் கடைசிப் பாத்தி வரைக்கும் போகிறதைப் பார்த்து, ஆணாகிவிட்டோம் என்பதையும் மறந்து அழுதாள்.

"என்ன அண்ணே, சௌக்கியமா?" என்றான் வரப்பில் வந்த யாடோர். இப்போதெல்லாம் அவன் அவளை மதினி என்பதில்லை. அண்ணே என்பான், பக்கத்தில் நாலு பேர் இருக்கும்போது கொஞ்சம் சத்தமாக.

"சௌக்கியந்தான் தம்பி. மூணு வருஷமா என் மடையில ஒரு மண்ணுக் கட்டி கெடந்துச்சு, எடுத்துப் போட்டுட்டேன். ஒன்னோடதா இருந்தா எடுத்துக்கோ."

வரப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யாடோரும் சிரித்தான். அந்தச் சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை.

அதற்கப்புறம் வாய்க்காலில் ஒரு கல் உருண்டால்கூட பார்வையெல்லாம் அவள் மேல் வந்து விழுந்தது. கரை கசிந்தால் அவள். பாசி பிடித்தால் அவள். ஒரு நாள் செத்த பாம்பு ஒன்று மிதந்து வந்தது; அதற்கும் அவள்தான். யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லலாம். கூட்டத்தில் அவளுக்கு இடம் கொடுத்தார்கள். அவள் உட்காருகிற கல்லுக்குப் பக்கத்துக் கல் எப்போதும் காலியாக இருந்தது.

ஆற்றுத்துறைப் பெண்களும் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். அது அவளுக்கு ஆறவே இல்லை. பொழுதெல்லாம் அவள் வாழ்ந்தது அந்தத் துறையில்தான். ஆண்களுக்கு வாய்க்காலைத் தெரியும்; ஆற்றைத் தெரிந்தவர்கள் பெண்கள். ஆற்றுக்கு அவர்களுக்குள் ஒரு பேச்சே இருந்தது. மழைக்காலத்தில் ஆறு சட்டென்று வற்றினால், "மூச்சுப் பிடிக்குது" என்பார்கள். சொன்னவள் குடுக்கையைப் போட்டுவிட்டு ஓடுவாள்; கேட்டவளும் ஓடுவாள். மேலே எங்கேயோ மண் சரிந்து ஆற்றை அடைத்திருக்கிறது, அடைப்பு உடைந்தால் மொத்தமும் ஒரே மூச்சாய் வரும் என்று அர்த்தம். கொபிலோவுக்குப் பன்னிரண்டு வயதில் அப்படி ஒரு நாள் வந்தது. நீர் வற்றியதும் துள்ளுகிற மீனைப் பொறுக்க நாலைந்து பேர் ஓடினார்கள். இவளைச் சித்தி மயிரைப் பிடித்து மேட்டுக்கு இழுத்தாள். பொறுக்கப் போனவர்களில் மூன்று பேர் கிடைக்கவே இல்லை. கால் வழுக்கி விழுந்திருப்பார்கள் என்றார்கள் ஆண்கள். பெண்கள் திருத்தவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

பதினோராவது மாதம் மலைக்கு மேலே மூன்று நாள் இடி இடித்தது. கீழே ஒரு சொட்டு இல்லை. ஆறு பெருகிக் கொரம்பை அடித்துக்கொண்டு போனது, வாய்க்கால் காய்ந்தது. சோளம் பால் பிடிக்கிற நேரம். எட்டு நாள் தண்ணீர் இல்லையென்றால் சரிவு முழுக்கப் பதர்தான். நாலாம் நாள் காலை கைனோ ஆள் விட்டார்: முறைக்காரர் எல்லாம் கொரம்பு கட்ட வர வேண்டும், வராதவனுக்கு முறை இல்லை.

கிமோய்க்கு அப்போது ஏழு மாதம். வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"போகாதீங்க. கால் வலின்னு சொல்லுங்க."

"முறை போயிடும்டி."

"போனா போகுது."

"அப்புறம் நீ பெக்கறதுக்கு எதக் கரைச்சு ஊத்தறது? ஒன் வாய்க்கொழுப்பையா?"

கிமோய் சிரிக்கவில்லை. "அங்க ஏதாச்சும் ஒண்ணு நடந்தா ஒங்க தலையிலதான் விழும். நல்லது நடந்தா ஒருத்தனும் ஒங்க பேரச் சொல்ல மாட்டான்."

"தெரியும். வழிய விடு."

பதினாறு பேர் மலை ஏறினார்கள், அவளையும் சேர்த்து. கொரம்பு இருக்கும் இடத்தை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பாறைச் சுவர். நடுவில் ஆறு, இடுப்பளவு, சேற்று நிறம். வானம் ஒரு கைக்குட்டை அளவுதான் தெரிந்தது. ஓட வேண்டுமென்றால் வந்த வழி ஒன்றே ஒன்று, கரையோரமாக மேலே ஏறுகிற ஆட்டுத்தடம். இதைப் பார்த்ததும் புருஷன் ஞாபகம் வந்தது.

வேலை கடுமை. தண்ணீர் இழுத்த இழுப்பில் வைத்த கல் நிற்கவில்லை. இரண்டு முறை கிளைக்கட்டோடு ஆளையும் உருட்டிவிட்டது. கொபிலோ யாருக்கும் சளைக்காமல் கல் சுமந்தாள். நாற்பது வருஷம் தண்ணீர் சுமந்த முதுகுக்குக் கல் ஒரு பெரிய விஷயமில்லை. சூட்டர் என்ற இளவட்டம், "எங்கப்பனவிட நல்லாத்தான் தூக்குறாரு" என்று முணுமுணுத்தான். அது அவள் காதில் விழுந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

உச்சி வேளைக்கு ஆறு இறங்கியது.

மெல்ல மெல்ல இல்லை. இடுப்பில் இருந்தது தொடைக்கு வந்தது, தொடையிலிருந்து முழங்காலுக்கு வந்தது. ஒரு சோளக்களி ஆறுகிற நேரத்தில் கணுக்கால் அளவுதான் மிச்சம். இரைச்சல் நின்றுபோய், ஆட்கள் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

"மேல மழ நின்னுருச்சுடா!" என்று கத்தினான் யாடோர். "பாத்தீங்களா எங்க அண்ணன் ராசிய? கால் பட்டதும் ஆறே அடங்கிப்போச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு, அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளையும் சேர்த்துக்கொண்டு சிரித்தார்கள். நடு ஆற்றில் இறங்கி வேகவேகமாகக் கல் அடுக்க ஆரம்பித்தார்கள். கொபிலோ பாறையைப் பார்த்தாள். ஈரம் இடுப்பு உயரத்துக்கு இன்னும் காயாமல் இருந்தது, தண்ணீர் கணுக்காலில் கிடந்தது. குழியில் ஒரு மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது.

அவள் கைனோவிடம் போனாள். "பெரியவரே, இது மழ நின்னதில்ல. மேல அடைச்சிருக்கு. எல்லாரும் ஏறிடலாம்."

"மேல பாத்துட்டு வந்தியா?"

"பாக்க வேண்டாம். கீழ தொறையில பொம்பளைங்க நாங்க இத..."

நிறுத்திக்கொண்டாள். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது.

"யாரு அது, பொம்பளைங்க நாங்க?" என்றான் யாடோர், கல்லை நெஞ்சில் அணைத்தபடி. இப்போது யாரும் சிரிக்கவில்லை. பதினைந்து பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"கேட்டத சொன்னேன்" என்றாள்.

"கொடம் தூக்கறவளுக பயமெல்லாம் இங்க எதுக்கு? கல்லத் தூக்கு" என்றார் கைனோ.

அவள் கல்லைத் தூக்கினாள். இதை மறைக்க வேண்டியதில்லை, தூக்கத்தான் செய்தாள். ஒன்று கொண்டுபோய் வைத்தாள், இன்னொன்றுக்கு வந்தாள். கிமோய் வயிற்றை நினைத்தாள். பால் பிடித்து நிற்கிற கதிரை நினைத்தாள். தன் கணக்குத் தப்பாக இருக்கலாம், நாற்பது வருஷத்துக்குள் நாலு தடவைதான் பார்த்திருக்கிறோம் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னாள். இன்னொரு முறை சொன்னால் கேட்க மாட்டார்கள். கேட்க வைக்க ஒரே ஒரு சொல்தான் உண்டு. அதைச் சொன்னால் தண்ணீர் போகும், கிமோய் போவாள், பிறக்கப்போகிற பிள்ளை போகும். எல்லாம் யாடோர் வீட்டுக்கு.

மூன்றாவது கல்லுக்குக் குனிந்தபோது மேலிருந்து காற்று வந்தது. பச்சை மண்ணும் பிய்த்த வேரும் நாறின.

கல்லைப் போட்டாள். போர்வையை உருவி ஆற்றில் எறிந்தாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"நான் பொம்பள! கேட்டுக்கங்கடா, நான் பொம்பள! கொரம்புல ஒரு பொம்பள நிக்கறேன்!"

கைனோ கிழவர் முகம் சாம்பலானது. கையில் இருந்தது நழுவியது. ஒருத்தர் ஒருத்தரைப் பார்க்கவில்லை. சின்ன வயதிலிருந்து காலில் ஊறிய பயம் அது. மூளையைக் கேட்காமலே கால் நகர்ந்தது. பதினைந்து பேரும் கல்லையும் கிளையையும் மண்வெட்டியையும் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஆட்டுத்தடத்தில் ஏறினார்கள். கடைசி ஆளாகக் கொபிலோ ஏறினாள். அவள் பாதி ஏறுகையில் மலை உறுமியது.

தண்ணீர் தண்ணீராக வரவில்லை. மரமும் பாறையும் சேறும் ஒரு சுவராக வந்தது. அவர்கள் நின்றுகொண்டிருந்த இடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பிப் போனது. கொரம்பு கட்டியிருந்த பாறையையே ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

மேட்டில் பதினாறு பேரும் உயிரோடு நின்றார்கள். முதலில் பேசியது சூட்டர்தான், பல் கிட்டிக்க.

"பொம்பள பொம்பளன்னு கத்துனாங்க. ஆத்துக்குக் கேட்டுருச்சு. வந்துருச்சு."

கொபிலோ அவனைத் திரும்பிப் பார்த்தாள். மற்றவர்கள் முகத்தையும் பார்த்தாள். அவன் சொன்னது ஒவ்வொரு முகத்திலும் ஊறி இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளத்தைவிட அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

தீட்டு நாள் நாலும் முடிந்து ஐந்தாம் நாள் கூட்டம். அதற்கு முன்னால் கைனோ அவள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நீ எங்கள காப்பாத்துன. எனக்குத் தெரியும்" என்றார்.

"அத மரத்தடியில சொல்லுவீங்களா?"

"மாட்டேன். சொன்னா நாளைக்கு அவனவன் பொண்டாட்டியும் வெள்ளம் வருது வெள்ளம் வருதுன்னு மேல ஏறுவா."

"ஏறட்டுமே."

கிழவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒன்னையே கேப்போம், நீ ஆம்பளயா பொம்பளயான்னு. ஆம்பளன்னு சொன்னா, கொரம்புல பொய் சொல்லி வேலையப் போட வெச்சவன் நீ. அதுக்குச் சாபம் விடறது பழக்கம், ஒனக்குத் தெரியும். சாபம் அந்த வீட்டுல பொறக்கற மொத உசுர்லேர்ந்து ஆரம்பிக்கும். பொம்பளன்னு சொன்னா, கொரம்பத் தீட்டுப் படுத்தினவ. சாபம் இல்ல. ஒரு ஆடு வெட்டி சுத்தம் பண்ணுவோம். முறையும் அந்தப் பொண்ணும் புள்ளயும் யாடோருக்கு."

உள்ளே கிமோய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கிழவர் போனதும் வந்து கொபிலோவின் முழங்கையைப் பிடித்தாள்.

"ஆம்பளன்னே சொல்லுங்க. சாபமாவது மண்ணாவது. நான் யாடோர் வீட்டுக்குப் போக மாட்டேன்."

"சாபம் பலிக்காதுன்னு நீ நம்பறியாடி?"

கிமோய் முழங்கையை விட்டுவிட்டு, கையைத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

மரத்தடியில் கைனோ எழுந்து கேட்டார். கொபிலோ கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். கொரம்புக்கு வந்த பதினைந்து பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். ஒருத்தன் கூடக் குறையவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் பொம்பளதான்" என்றாள். கோலைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அன்று மாலையே கிமோய் யாடோர் வீட்டுக்குப் போனாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருபது அடி தூரம். அந்த இருபது அடியை நடக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

பாறை பிய்ந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே, இன்னும் குறுகலான இடுக்கில், கொரம்பை மறுபடி கட்டினார்கள். யாடோர் தன் வயலுக்கும் பாய்ச்சி, கிசாங்கின் முறையையும் தன் வயலுக்கே திருப்ப வந்தான். பாதிக் கதிராவது தேறாதா என்று கொபிலோ வரப்பில் நின்றாள். அவள் வயலில் ஒரு பாத்தி நனைவதற்குள் அவன் குனிந்து அவள் மடையில் மண்ணை வெட்டிப் போட்டான். அவன் தலை நிமிரவே இல்லை. முதுகு மட்டும் தெரிந்தது. மலையில் அவளுக்கு முன்னால் ஆட்டுத்தடத்தில் விழுந்தடித்து ஏறிய அதே முதுகு. மண்ணுக்கு அடியில் ஒரு விரல் அளவு தண்ணீர் அவள் பக்கம் வந்துகொண்டிருந்தது.

"நல்லா அடைடா, கசியுது" என்றாள்.

யாடோர் இன்னொரு கட்டி மண்ணை எடுத்து அந்த இடத்தில் வைத்து மிதித்தான்.